சுவருக்கு அந்தப் பக்கம் பிடித்த கைக்கு

என் ஆசை அக்காவுக்கு,

நம் சுவர் பைப்பின் எல்போ மறுபடியும் ஒழுகியது. கண்ணில் பட்டவுடன் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். தட்டக் கை ஓங்கிய பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. ஆனி மாதம் போனீர்கள், ஐப்பசியும் வந்துவிட்டது, என் கைக்கு மட்டும் இன்னும் சேதி எட்டவில்லை.

ஊர்ச் செய்தி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அரியலூரைத் திரும்பவும் தனி மாவட்டம் ஆக்குகிறார்களாம். பெரம்பலூரிலிருந்து ஒரு தடவை பிரித்தார்கள், பிறகு சேர்த்தார்கள், இப்போது மறுபடி பிரிவினை. முதல் தடவை பிரித்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "நம்ம வூட்டப் பாத்துத்தான் கவர்மெண்டு கத்துக்கிச்சு போலருக்கு" என்றீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உள்ளே என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் மூத்த மருமகள், நான் இளைய மருமகள். முந்திரிக்கொல்லை எல்லைக்கல்லில் ஆரம்பித்த சண்டை விக்கிரமங்கலத்து வீட்டின் நடுவில் சுவராக வந்து நின்றது. போர்வெல்லும் மோட்டாரும் எங்கள் பாகத்தில் விழுந்தன, மாடியும் தண்ணீர் டேங்கும் உங்கள் பாகத்தில். பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்களால் தண்ணீரை மட்டும் பிரிக்க முடியவில்லை. எங்கள் மோட்டார் ஏற்றும், உங்கள் டேங்க் இறக்கும் என்று முடித்துவிட்டுக் காபி குடித்துப் போனார்கள்.

டேங்கிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் பைப் உங்கள் பின்கட்டுக்கு வந்து, சுவரில் கொத்தனார் விட்ட ஓட்டை வழியாக எங்கள் பக்கம் வந்தது. உங்கள் பக்கம் மூன்று வாய் உள்ள ஒரு டீ ஜாயின்ட், என் பக்கம் முழங்கை மாதிரி வளைந்த ஒரு எல்போ, நடுவில் இரண்டு முனையிலும் திருகு மரை போட்ட ஒரு துண்டு. ஓட்டையைப் பைப்பைவிடப் பெரிதாகவே விட்டிருந்தார் கொத்தனார். மிச்ச இடத்தில் சாக்குத்துணியை அடைத்து வைத்தோம். அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது. நமக்கும் உத்தரவு வந்தது, அந்த வீட்டோடு எந்தப் பேச்சும் கூடாது என்று.

சுவர் வந்த வருடமே எல்போ ஒழுகியது. என் வீட்டுக்காரர் போர்வெல் இரும்புப் பைப்பிலேயே பழகிய கை. மரையில் சணலைச் சுற்றி, பெயின்ட்டைத் தடவி, பைப் ரெஞ்சை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இரும்பு தாங்கும், பிளாஸ்டிக் தாங்குமா? இங்கே எல்போ விரிந்தது. அவர் முறுக்கிய முறுக்கில் நடுத்துண்டும் சேர்ந்து திரும்பி, அங்கே உங்கள் டீயும் பிளந்தது. உங்கள் வீட்டுக்காரர் அவர் பங்குக்கு ஒரு புது டீயை வாங்கி வந்து அதே மாதிரி இழுத்து அதையும் உடைத்தார். அடுத்த பக்கத்தான் வேண்டுமென்றே செய்கிறான் என்று இரண்டு பேரும் அவரவர் பெண்டாட்டியிடம் திட்டினார்கள். பிறகு இரண்டு பேருமே முந்திரிக்கொல்லை வேலைக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் இல்லாமல் தவித்தது நாம்தானே?

அன்றைக்குச் சாக்கை விலக்கிக்கொண்டு உங்கள் ஒற்றைக் கண் தெரிந்தது. "ஏம்மா, நீ அந்தப் பக்கம் திருப்பு. நான் இந்தப் பக்கம் அசையாம புடிச்சிக்கிறேன்" என்றீர்கள். அதுதான் சூட்சுமம். இந்தப் பக்கம் முறுக்கும்போது நடுத்துண்டை அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாக ஒருவர் செய்தால் ஒன்று சரியாகும், இன்னொன்று உடைந்துவிடும். இது தெரிந்தும் அண்ணன் தம்பி எப்படிச் செய்வார்கள்? ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டுமே.

ஒரே நாளில் நமக்குக் கைவந்துவிடவில்லை. பருத்தி விளைகிற குன்னத்துப் பெண் நீங்கள், எதற்கும் பருத்தியைத்தான் முதலில் தேடுவீர்கள். நூலைச் சுற்றினோம், ஊறிப்போய் அழுகியது. நான் ஜெயங்கொண்டம் கடையிலிருந்து வெள்ளை டேப் வாங்கி வந்தேன். அதை எதிர்த்திசையில் சுற்றிவிட்டேன், எல்போ ஏற ஏற அது பிரிந்து வெளியே வந்தது. நீங்களோ அடிபட்ட காலுக்குக் கட்டுப்போடுகிற மாதிரி அரைச்சுருளையும் சுற்றினீர்கள், எல்போ மரையில் ஏறவே மாட்டேன் என்றது. மரையைத் துடைத்து, ஏறுகிற திசையிலேயே டேப்பை இழுத்துச் சில சுற்று சுற்றி, கையால் முடிந்தவரை திருப்பி, பிறகு ரெஞ்சால் கொஞ்சமே கொஞ்சம் என்று கண்டுபிடிப்பதற்குள் நாம் நனையாத சேலை இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாட்கள் வேறு கிடையாது அக்கா.

ஆண்கள் வீட்டில் இருக்கும்போது குரல் கொடுக்க முடியாதே. அதற்குத்தான் தட்டு. கரண்டிக் காம்பால் பைப்பில் ஒரு தட்டு தட்டினால் பிடித்துக்கொள். இரண்டு தட்டினால் விட்டுவிடு. போகப் போக ஒழுகாத நாளிலும் தட்டுக் கேட்கும். போனால் ஓட்டை வழியாக ஒரு முறுக்கோ, பலாச்சுளையோ, ஒரு நாள் பிரசவத்துக்கு வந்திருந்த என் தங்கைக்குப் பூண்டு லேகியமோ வரும். யாராவது கேட்டால் ஒழுகுகிறது என்போம். அவ்வளவு நன்றாகச் சுற்றியும் மாதம் தவறாமல் எப்படி ஒழுகியது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நீங்களேதான் தளர்த்தி விட்டீர்களா? கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்துக் கேட்காமலே போய்விட்டது.

நீங்கள் போனபோது நாங்கள் தெருவழியாகத்தான் வந்தோம். என் வீட்டுக்காரர் பாடைக்குத் தோள் கொடுத்தார், ஆனால் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் முடிந்ததும் திருப்பூரிலிருந்து வந்திருந்த உங்கள் மகன் அவன் அப்பாவிடம் சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது. தனியாகப் போர் போட்டுவிடலாம், பைப்பை வெட்டி ஓட்டையைச் சிமெண்டால் பூசிவிடலாம், எதற்கு ரோதனை என்றான். தீபாவளி கழிந்ததும் கொத்தனார் வருவதாகப் பேச்சு. நீங்களும் நானும் வாழ்ந்த இடம் அந்த ஓட்டைதான். அதுவும் போனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

இந்த நிலையில்தான் எல்போ ஒழுகியது. விட்டுவிட்டால் வெட்டுவதற்கு அதுவே சாக்காகிவிடும். தனியாகச் செய்தால் உடைந்துவிடும். அந்தப் பக்கம் இருந்தவரோ உங்கள் வீட்டுக்காரர் ஒருவர்தான். மச்சாண்டார் எதிரே நான் நின்று பேசியதுண்டா? தம்பி மனைவி பேசக் கூடாது என்பது நம் வழக்கம், நானும் வந்த நாள் முதல் பேசியதில்லை. டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒரு தட்டு தட்டினேன்.

சத்தமே இல்லை. திரும்பிப் போகலாம் என்று பார்த்தபோது செருப்புச் சத்தம் வந்தது. சாக்கு அசைந்தது. பைப்பைத் தொட்டுப் பார்த்தேன் அக்கா, ஆடாமல் நின்றது. அவர் பிடித்திருந்தார். எல்போவைக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி, புதியதைச் சுற்றி ஏற்றினேன். முடிந்ததும் இரண்டு தட்டு தட்டினேன், விட்டுவிட்டார். அந்தத் தட்டு அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடமும் நம்மைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறார்? கேட்டும் ஒரு நாளாவது உங்களை ஏன் என்று கேட்டாரா?

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகை அவருக்கும் கேட்டிருக்கும்.

ஒரு வாரம் போனது. நேற்றுக் காலை நான் மாவரைத்துக்கொண்டிருந்தேன், என் வீட்டுக்காரர் மோட்டார் போட வந்தார். பைப்பில் ஒரு தட்டுக் கேட்டது. அந்தப் பக்கமிருந்து கனத்த குரல், "ஒழுவுதும்மா" என்றது. எல்போவைத் தடவிப் பார்த்தேன், பொட்டு ஈரமில்லை. அக்கா, உங்களோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்தவர் இல்லையா, ஒழுகாமலே ஒழுகுகிறது என்று சொல்ல அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் ரெஞ்சை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "என் கையெல்லாம் மாவு. அங்க ஒழுவுதாம், நீங்க போயி கொஞ்சம் திருப்புங்க" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், ஓட்டையை ஒரு முறை பார்த்தார். குந்தி உட்கார்ந்து ரெஞ்சை மாட்டினார். பழைய கைதானே, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கப் போனார்.

"மெதுவாடா, பிளாஸ்டிக்குடா அது."

சுவர் எழுந்த பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான் அக்கா. இவர் ரெஞ்சைத் தளரவிட்டார். தலையைக் குனிந்தபடியே, "சரிண்ணே, நீ புடிச்சிக்க" என்றார்.

கொத்தனாரைப் பற்றி அந்தப் பக்கம் இப்போது பேச்சில்லை. வந்தாலும் அந்த ஓட்டையைப் பூச விடமாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம். வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் டேப்பை மாற்றிவிடுவேன். நடுவில் ஒழுகாத மாதங்களில், நீங்கள் செய்ததாக நான் சந்தேகப்படுகிற அந்த வேலையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் ஓரகத்தி, உங்கள் தங்கச்சி,
மலர்க்கொடி