இடது பின்சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஆற்றுப் பக்கம் காற்றே இல்லை.

மனையில் கட்டடம் எழும்பப் போகிறது. சனி மதியத்துக்குள் அங்கே நிற்கும் என் தண்ணி லாரியை எடுக்கணும். சூப்பர்வைசர் சொன்னான்: "இல்லன்னா கேஸ் கட்டர் வச்சி இங்கியே துண்டு போட்ருவாங்க பெருசு. என்னாண்ட சண்டை போட்டு இன்னா யூஸ்?"

துண்டு போட விடமாட்டேன். நங்கநல்லூரில் மைத்துனன் ஷெட் காலி. இழுத்துப்போக வண்டி சொல்லியாச்சு. இடது பின்சக்கர டயர் இரண்டும் மக்கிவிட்டது, அதை மாற்றினால் உருளும்.

அதே சக்கரம். டிரைவர் செல்வம் நட்டு முடுக்காமல் விட்டது. ஆறு வருஷம் முன்பு தேனாம்பேட்டை சிக்னலில் ஆடி, நட்டுகள் ரோட்டில். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அங்கேயே நாலு பேர் முன்னால் அவனை வேலையை விட்டு நிறுத்தினேன். அப்புறம் வந்த டிரைவர் எவனும் என்னிடம் தங்கவில்லை. லாரி நாலே மாதம் ஓடியது. நின்றது.

வாங்க: டீசல், கம்பி பிரஷ், பி.பி. மாத்திரை.

மார்ச் 4, புதன்

ராத்திரியெல்லாம் நட்டுகள் டீசலில் ஊறின. ஸ்பேனரில் ஆறடி பைப் சொருகி ஏறி நின்றேன். லாரியில் இடது சக்கரத்துக்கு இடது மரை. ஆகவே வலப்பக்கம் திருப்பினால் கழலும். பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, கையால் கற்றது.

கழலவில்லை. நட்டு பூட்டிய ஸ்டட் போல்ட்டே முறிந்தது. அடுத்ததும். மூன்றாவதும்.

புதுப்பேட்டை. உதிரிபாகக் கடைக்காரர்: "ஒடஞ்ச துண்டு கொண்டாந்தியா நைனா? மரை பாத்துத் தர்றேன்."

"இடது. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவன்லாம்தான் ரெண்டாவது தபா வர்றான்."

பணத்தை எண்ணி வைத்தேன். பத்து ஸ்டட், இடது மரை.

சோறு மீந்தது. ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசி என்பது இன்னும் பிடிபடவில்லை. மகள் போன்: "லாரியக் காயலான் கடைக்குக் குடுத்துத் தொலைங்களேன்பா." வைத்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

வெயில். முதுகு வலி. மாத்திரை மறந்தது.

முறிந்த துண்டு ஒன்றைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, புது ஸ்டட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மரை இரண்டும் எதிரெதிராகச் சாய்கிறது. வெயிலில் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். அதேதான்.

இந்தச் சக்கரத்தில் இருப்பது வலது மரை.

ஸ்பேனரை மாற்றிப் போட்டு இடப்பக்கம் மிதித்தேன். கிறீச். மீதி ஏழும் வந்தன.

ஏழு நட்டையும் நிழலில் வரிசையாக வைத்தேன்.

தேனாம்பேட்டைக்கு முந்தின வாரம் இந்தச் சக்கரம் பூட்டும் ஹப் உடைந்து செல்வம்தான் வேறு போட்டு வந்தான். வலப்பக்க ஹப்பாக இருந்திருக்கும். ஏதோ சொல்ல வந்தான், தண்ணி பிடிக்க நேரமாச்சு என்று விரட்டினேன். நட்டுகள் கழன்ற அன்று காலை நானே ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். முடுக்குவதாக நினைத்து இடப்பக்கம். ஒவ்வொரு நட்டும் அரைச் சுற்று போனது. பயல் முடுக்கவே இல்லை, நான்தான் சரிசெய்தேன் என்று இருந்தேன்.

அவன் முடுக்கியிருந்தான். கழற்றியது நான்.

மார்ச் 6, வெள்ளி

மறுபடி புதுப்பேட்டை. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். கேட்டிருக்கலாம்.

ஹப் பின்னாலிருந்து ஸ்டட்டைப் பிடிக்க ஓர் ஆள், முன்னால் முடுக்க ஓர் ஆள். நான் ஒருத்தன். கட்டை முட்டுக் கொடுத்துக் கொடுத்து மாலைக்குள் நாலு.

லாரிகள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் செல்வம் நம்பர் கிடைத்தது. குடும்பத்தோடு பெரும்பாக்கம் போய்விட்டானாம். போட்டேன்.

"யாரு?"

"நான்தான்."

ரோட்டுச் சத்தம். "சொல்லு மொதலாளி."

"அந்தச் சக்கரத்துல வலது ஹப்பா போட்டே?"

"ஆமா. சொல்ல வந்தேன். நீ கேக்கல."

"நீ முடுக்குனதை நான்தான் கழட்டிட்டேன்."

"தெரியும். ரோட்ல கெடந்த நட்டப் பாத்ததுமே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொல்ல வுட்டியா? நாலு பேரு பாக்கச் சட்டையப் புடிச்ச. ஆறு மாசம் எவனும் எனக்கு வண்டி தரல, தெரியுமா?"

தெரியாது. அதைச் சொன்னேன். ஸ்டட் பிடிக்க வருகிறாயா என்றும் கேட்டேன்.

"எனக்கு லோடு கீது மொதலாளி."

மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதற்குள் வைத்துவிட்டான்.

மார்ச் 7, சனி

ஐந்தரைக்கே மனையில். ஒன்பது மணிக்கு எட்டு ஸ்டட் ஏறியது. சூப்பர்வைசர்: "எட்டு போதும் பெருசு, இழுத்துக்கினு போ." முடியாது, பத்தும் வேண்டும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனான். பத்து. டயர். பதினொன்றே முக்கால்.

கயிறு கட்டி வண்டி இழுக்க, லாரி நகர்ந்தது. ஸ்டீரிங்கில் நான். கேட் தாண்டும்போது போன். செல்வம். நிறுத்தச் சொல்லி எடுத்தேன்.

"எந்தப் பக்கம் முடுக்குன?"

"வலப்பக்கம்."

"பத்துமா?"

"பத்தும்."

"கொஞ்ச தூரம் போய் நிறுத்தி இன்னொரு தபா பாரு." வைத்துவிட்டான்.

கிண்டி தாண்டி ஓரம் கட்டினோம். ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. சொல்லலாமென்று அவனுக்குப் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.