மினிட்ஸில் ஏறிய குரல்

இன்று காலை நம் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் நேற்றைய கூட்டத்தின் மினிட்ஸ் வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் 'வோசிஃபரஸ்' என்ற ஆங்கிலச் சொல். இத்தனை வருடம் அது உங்களுக்கு மட்டுமே போடப்பட்ட சொல். உங்களிடம் சொல்லாமல் எடுத்துக்கொள்வது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

நம் மந்தைவெளி அடுக்ககத்தில் சண்டையைத் தமிழில் போட்டு ஆங்கிலத்தில் பதிவு செய்வது வழக்கம். வாட்ச்மேன் குடும்பம் குடியிருக்கும் கீழறையை இடித்தால் இன்னும் ஒரு கார் நிறுத்தலாம் என்று செயலாளர் முதன்முதலில் சொன்னபோது, நீங்கள் போட்ட சத்தம் மொட்டை மாடியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை போனது. மினிட்ஸில் அது ஒரே சொல்லாக அடங்கியது. மறுநாள் அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்தீர்கள்.

"இன்னா சார், திட்டிக்கீறாரா?"

அகராதியைப் பார்த்துச் சொன்னேன். உரக்க, விடாமல் கத்துகிறவர் என்று பொருள். லத்தீனில் குரலுக்கான சொல்லும் சுமப்பதற்கான சொல்லும் சேர்ந்து பிறந்தது. பெரும்பாலும் மறுப்பவர்களுக்கே போடுவார்கள். தலையாட்டியவரை வோசிஃபரஸ் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை.

"கொரல சொமக்கிறவனா? அப்ப கரெக்டாத்தான் எழுதிக்கீறாரு."

ரங்கநாதன் தெருவில் துணிக்கடை வாசலில் நின்று "வாங்கக்கா, வாங்க" என்று கூப்பிட்டே சொந்த வீடு வாங்கியவர் நீங்கள். பட்டம் வாங்கியவர்போல மாடியேறிப் போனீர்கள்.

பிறகு தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் போய்க் காற்று மட்டும் மிஞ்சியது. நீங்கள் நலம்பெற வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றிய செயலாளர், அதே கூட்டத்தில் அறை விஷயத்தை மறுபடி எடுத்தார். அறை போனால் அந்தக் குடும்பம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் போக வேண்டும். மகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே.

"யாருக்கும் ஆட்சேபணை இல்லையோன்னோ?"

உங்கள் முழங்கை என் விலாவில் இடித்தது. எழுந்தேன். எனக்குக் குரல் என்று ஒன்று இருப்பதில் என் மனைவிக்கே சந்தேகம் உண்டு. நீங்கள் உள்ளங்கையை விரித்து மேலே தூக்கினீர்கள். கொஞ்சம் ஏற்றினேன். மறுபடி தூக்கினீர்கள்.

"எதுக்கு சார் கத்தறேள்? மெதுவாச் சொன்னாலே காதுல விழறதே."

"மெதுவாச் சொன்னா மினிட்ஸ்ல ஏற மாட்டேங்குது சார்."

அறை தப்பியது. மினிட்ஸில் 'ஓர் உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்' என்று மட்டும் வந்தது. அதைக் காட்டியபோது வெறுங்காற்றில், "இன்னும் ஏத்தணும் சார்" என்றீர்கள்.

நீங்கள் போனபின் நேற்றுத்தான் முதல் கூட்டம். அதே அறை விஷயம். பக்கத்து நாற்காலியில் யாரோ பை வைத்திருந்தார்கள். பாதியில் என் குரல் இறங்கியபோது, அந்த நாற்காலிப் பக்கம் ஓர் உள்ளங்கை மேலே போவது எனக்குத் தெரிந்தது. ஏற்றினேன். கீழே வந்தபோது கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன், "ரூம் வரைக்கும் கேட்டுச்சு சார்" என்றார்.

அறை இருக்கிறது. செயலாளர் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார். எனக்கு இன்று தொண்டை கட்டியிருக்கிறது. அதற்குள் சரியாகிவிடும்.