வாய் திறக்காத அப்பன் மீன்

என் அன்பு மனைவிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். எங்கள் மீன் காட்சிசாலையில் போன மாதம் ஒரு கூத்து நடந்தது.

நான் பார்க்கும் தொட்டியில், கறுப்புக் கோடு போட்ட விரல் நீளப் பவளப்பாறை மீன் ஒன்று பத்து நாளாகத் தீனியைத் தொடவில்லை. பந்து போல உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் முள்ளெலியின் முட்களுக்குள்ளேயே ஒதுங்கி நின்றது. மீன் டாக்டர் அதை மருந்துத் தொட்டிக்கு மாற்ற வலையோடு வந்தார்.

"சீக்கு இல்லை சார். இது அப்பன் மீன், வாய்க்குள்ள முட்டை வச்சிருக்கு. தாடை உப்பியிருக்கு பாருங்க. வலையைப் போட்டா பயந்து துப்பிடும்" என்றேன்.

"எந்தக் காலேஜ்ல படிச்சீங்க பெரியவரே?"

"இந்தத் தொட்டி முன்னாடி ஏழு வருஷம் நின்னு படிச்சேன்" என்று தண்ணீருக்குள் கையை விட்டு வலையை மறித்தேன். முள் குத்தியது. ஆறிவிட்டது, புலம்பாதே.

"தப்பாப் போனா உங்க வேலை போயிடும்."

"போகட்டும் சார்."

டாக்டர் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார். பதினைந்து நாள் கழித்து மீன் வாயைத் திறந்தது. அப்பனை உரித்து வைத்தாற்போல முப்பது குஞ்சுகள் நேராக முட்களுக்குள் ஓடின. டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. நோட்டை எடுத்து, "அது தீனியை விட்டதுலேர்ந்து தேதியெல்லாம் சொல்லுங்கண்ணே" என்றார்.

என்னைப் படிக்காதவன் என்கிற உன் தம்பிக்கு இதைச் சத்தமாகப் படித்துக்காட்டு.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. கூடவே நாலு வரி எழுது, திட்டி எழுதினாலும் சரி. இங்கே என்னைத் திட்ட ஆளில்லை.

குஞ்சுகளுக்குப் பசிக்கும், போகிறேன்.

உன் வீட்டுக்காரன்