தப்பு பதியாத மண்டை

அக். 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மல்பெரித் தழையை வெட்டி வந்து ஈரத்தோடு பட்டுப்புழுவுக்குப் போட்டுவிட்டேன். போன தடவையும் இதே. அப்போது பாதிப் புழு கறுத்துச் செத்தது. வாரிக் குழியில் கொட்டியதும் நான்தான். தெரிந்தும் போட்டேன். வீட்டுக்காரர் வந்து தழையை எல்லாம் திரும்ப எடுத்தார். "எத்தன வாட்டி சொல்றது அமலா" என்றார்.

முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

7, செவ்வாய்

மறதிக்குக் காட்ட இவரோடு கிளம்பினேன். பஸ் தாமதம். தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் தலையில் ஒயர் தொப்பி மாட்டினார். திரையில் சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி. எது நல்லதென்று அழுத்தி அழுத்திக் கண்டுபிடிக்க வேண்டும். சரியென்றால் சிரித்த முகம், தப்பென்றால் அழுத முகம். முதலில் சிவப்பு சிரித்தது. பிறகு அழுதுகொண்டே இருந்தது. நான் சிவப்பையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

மறதி வியாதி இல்லையாம். அதற்கு முந்தின நிலையாம். "தப்புன்னு காட்டுறப்ப மூளை சுருக்குன்னு முழிச்சிக்கணும்மா. உங்களுக்கு அது லேசாத்தான் வருது." பாராட்டினால் கொஞ்சம் பதிகிறதாம்.

திரும்பும்போது பின் சீட்டில் ஒருத்தி போனில்: "வெலை இல்லன்னு தக்காளிய மாட்டுக்குக் கொட்டிட்டோம்டி."

9, வியாழன்

வெயில். கல்யாணமானதிலிருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர், இன்று அடுப்பை அணைத்ததற்கு "நல்லா பண்ணின அமலா" என்கிறார். குழம்புக்கும் அதே. துணி மடித்ததற்கும். டாக்டரம்மா சொல்லி அனுப்பியது. நான் என்ன ஒண்ணாம் கிளாஸா? கரண்டியை விட்டெறிந்தேன். முகம் சுளிக்காமல் எடுத்துக் கழுவி வைத்தார். அதுதான் தாங்கவில்லை.

11, சனி

மேகமூட்டம். புழு தோலுரிக்கப் போகிறதா என்று இவருக்குச் சந்தேகம். என்னைக் கூப்பிட்டார். பார்த்ததுமே சொன்னேன்: தலையைத் தூக்கி அசையாமல் நிற்கிறது, தோலுரிக்கத்தான், இப்போது தழை போடக்கூடாது. சரியாகச் சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் திமிர்கூட.

சாயங்காலம் கொட்டகைக்குள் நிற்கிறேன், கை நிறையத் தழை. பாதித் தட்டுகளுக்குப் போட்டாகிவிட்டது. இவர் வந்தார். திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. மிச்சத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

என் வாயால் நானே சொன்னது. அழுகைகூட வரவில்லை. எரிச்சல்தான்.

"நாளையிலருந்து கொட்டாயப் பூட்டிக்கங்க" என்றேன். "சந்தேகம்னா என்னையக் கேளுங்க, சொல்றேன். தழைய மட்டும் என் கையில குடுக்காதீங்க."

சரி என்றார். குரல் சரியில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.