காரணம்: தந்தை மறைவு

ஜூன் 3

குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய். அதனால்தான் காகிதம்.

நேற்று ஓர் அலுவலகத்தில் லிப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். சரிசெய்துவிட்டு வெளியே வந்தால் அறிவிப்புப் பலகையில் உன் படம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் மறுபடி கல்லூரியில் சேர உதவித்தொகையாம். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நீ பார்மசி படிக்கிறாயாம். பெற்றவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. சரி, அது போகட்டும். படத்துக்குக் கீழே என்ன போட்டிருந்தது தெரியுமா? 'பதினெட்டு வயதில் தந்தையை இழந்து படிப்பை நிறுத்தியவர்.'

பக்கத்தில் நின்ற பெண், "பாவம், அப்பா இல்லாத பொண்ணு" என்றாள்.

"அவர் எப்படிம்மா செத்தாராம்?" என்று கேட்டேன்.

"தெரியலையே. உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றாள்.

கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றேன்.

நான் எப்போதம்மா செத்தேன்?

அப்பா


ஜூன் 9

அன்புள்ள அப்பா,

மன்னித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் 'படிப்பு நின்றதற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. முதலில் 'அப்பா விடவில்லை' என்றுதான் எழுதினேன். தேர்வுக் குழுவில் முன்பின் தெரியாத ஐந்து பேர் அதைப் படித்துவிட்டு, "என்ன மனுஷன் இவன்" என்பார்களே என்று தோன்றியது. தாங்கவில்லை. அடித்துவிட்டு 'தந்தை மறைவு' என்று எழுதினேன். அதை அச்சடித்து ஒட்டுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பொய் என்று தெரிந்தால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மதியம்வரை கடை, பிறகு வகுப்பு. உங்கள் பேத்தி என் பாடப் புத்தகத்தில் உள்ள மாத்திரைப் படங்களுக்கெல்லாம் கண்ணும் மூக்கும் வரைந்து வைத்திருக்கிறாள்.

உங்கள் மகள்


ஜூன் 16

குட்டிம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீயேதான் படிப்பு போதும் என்று நிறுத்திக்கொண்டாய் என இத்தனை வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன் போலிருக்கிறது. "நான் எந்தக் காலேஜுக்குப் போனேன்? வேலையை நானே கத்துக்கலையா? உனக்கு மட்டும் எதுக்குடி?" என்று கேட்டது நான்தான். அது தப்பு என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் செய்தவன் நான். செய்ததை மறைப்பதற்காகச் சாக மாட்டேன்.

அந்தக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டேன். 'நான் உயிரோடு இருக்கிறேன். படிப்பை நிறுத்தியது நான். என் மானத்துக்காக அவள் பொய் சொன்னாள்.' உள்ளதை உள்ளபடி சொன்னவன் பெண்ணின் வயிற்றில் யார் அடிப்பார்கள்? பயப்படாதே.

அப்பா


ஜூலை 2

அப்பா,

குழுவில் கூப்பிட்டார்கள். தலைவி உங்கள் கடிதத்தை என் முன்னாலேயே உரக்கப் படித்தார். "உங்க அப்பா நேர்மையான மனுஷன்மா" என்றார். பிறகு விதியைக் காட்டினார். பொய்த் தகவல் தந்தவருக்கு உதவித்தொகை ரத்து. அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பணம் இல்லாமல் படிப்பைத் தொடர முடியாது.

நான் அழவில்லை. ஆனால் கடையில் ஒரு பெரியவருக்குத் தவறுதலாக மருந்தை மாற்றிக் கொடுக்கப் போனேன். முதலாளி பிடுங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போம்மா" என்றார்.

தபாலில் போடுவதற்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றைக்கும் நீங்கள் கேட்கவில்லை.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாமாம். புதுப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் அதே கட்டம் இருக்கிறது. இந்த முறை உங்கள் விருப்பப்படியே உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன்:

'அப்பா நிறுத்தினார். இரண்டு முறை.'

மகள்