பதினெட்டாம் இருக்கை

ஏப்ரல் 6

எஞ்சின் சாருக்கு,

சாப்பாட்டுக்கு முன்னால் இதைப் படியுங்கள். நான் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குக் கிளம்பினால், நீங்கள் ஏழு மணிக்கு ரயிலை விட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். நான் திரும்புவதற்குள் கேரியரோடு மறுபடி டியூட்டி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் ஊரிலேயே நாம்தான்.

இந்த மாதம் இருபத்தைந்தாவது கல்யாண நாள். வழக்கம்போல உங்கள் வண்டியில், மூன்றாம் பெட்டியில், எனக்குப் பதினேழு, உங்களுக்குப் பதினெட்டு என்று டிக்கெட் எடுத்துவிட்டேன். இருபத்து நான்கு முறையும் பதினெட்டு காலி. பிள்ளைகள் அதை 'அப்பா சீட்' என்று சொல்லி, யாரையும் உட்காரவிடாமல் உங்கள் பழைய தொப்பியை வைப்பார்கள். உங்கள் பங்கு பிஸ்கட்டும் அதன்மேல் இருக்கும். அருவிப் பாலம் தாண்டியதும் அதற்கு ஓர் அடிதடி. கடைசி ஸ்டேஷனில் எங்களை இறக்கிவிட்டு, மாலை வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவீர்கள். லீவு இல்லை என்பீர்கள். நானும் நம்பினேன்.

நேற்று உங்கள் டியூட்டி பட்டியல் எழுதும் குமாஸ்தா, அவர் அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். "லீவு இல்லன்னு யாரு அக்கா சொன்னது? அண்ணன்தான் அந்தத் தேதிக்கு அந்த வண்டியையே குடுன்னு வருஷா வருஷம் வந்து நிப்பாரு" என்றார்.

கேட்டு வாங்கிக்கொண்டீர்களா? என் பக்கத்தில் உட்கார அவ்வளவு கசப்பா? பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். காலி சீட்டுக்குத் துணையாக நான் மட்டும் போகமாட்டேன். இந்த முறையும் வரவில்லையென்றால், அடுத்த வருடத்திலிருந்து ஒரே டிக்கெட்தான்.

உங்கள்,
பதினேழாம் இருக்கை

ஏப்ரல் 8

அன்புள்ள சலவை அதிகாரி அம்மாவுக்கு,

சாப்பிட்டுவிட்டுத்தான் படித்தேன், மன்னித்துக்கொள். உப்பு சரியாக இருந்ததால் கோபம் பாதிதான் என்று தைரியமாகப் பிரித்தேன். தப்புக்கணக்கு.

குமாஸ்தா சொன்னது நிஜம். நமக்குக் கல்யாணமாவதற்கு முந்திய மழைக்காலத்தில் நான் உதவி டிரைவர். அருவிப் பாலத்தில் சாரல் பட்டுத் தண்டவாளம் நனைந்திருந்தது. பிரேக் பிடித்தும் சக்கரம் வழுக்கிக்கொண்டே போனது. பத்து விநாடிதான். அதற்குப் பிறகு, நீயும் பிள்ளைகளும் இருக்கிற வண்டியை அந்த இடத்தில் இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் நீ பயந்து பயணத்தையே நிறுத்திவிடுவாய் என்று சொல்லாமல் விட்டேன்.

ஒரே வண்டிதானே, நானும் உங்களோடுதானே போகிறேன் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய். எனக்கு உறைக்கவே இல்லை.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்று சொன்னால் சிரிக்காதே. அந்த அருவியை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பாலத்தில் கண் தண்டவாளத்தை விட்டு நகராது. கண்ணாடியில் தண்ணீர், காதில் இரைச்சல், இடதுகைச் சட்டை ஈரம். நான் அறிந்த அருவி இவ்வளவுதான்.

உன்,
டிரைவர்

ஏப்ரல் 9

எஞ்சின் சாருக்கு,

வந்தால் நம்புகிறேன். தொப்பி வேண்டாம், தலையைக் கொண்டுவாருங்கள்.

பதினேழு

ஏப்ரல் 27

அன்புள்ளவளுக்கு,

மூன்று நாள் பக்கத்திலேயே இருந்தும் வாயால் சொல்ல வரவில்லை. எழுதித்தான் நமக்குப் பழக்கம்.

பாலம் வந்ததும் இல்லாத பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு முன்சீட்டின் முதுகையே வெறித்திருந்தேன். நீ என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாய். "இந்தப் பக்கம் பாருங்க" என்றாய்.

அடி, அது என்ன! நிமிர்ந்தேன், உச்சி தெரியவில்லை. ஜன்னலில் கன்னத்தை வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. பார்க்கப் பார்க்கத் தண்ணீர் விழுகிற மாதிரியே இல்லை. தண்ணீர் அசையாமல் நிற்க, மலைதான் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. வானவில் நமக்குக் கீழே கிடந்தது. வானவில்லைக் குனிந்து பார்க்க முடியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? குருவிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயின, போன வேகத்தில் திரும்பி வந்தன. எதிர்சீட்டில் அழுத குழந்தை வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது, கை எழவில்லை. அழுதுவிட்டேன், நீயும் பார்த்தாய்.

இவ்வளவு பெரியது என் தோளுக்கு ஒரு முழம் தள்ளி இருந்திருக்கிறது.

உன்,
டிரைவர்

ஏப்ரல் 29

என்னவருக்கு,

நானும் ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன். குருவிகள் கூடு கட்டும் பாறையை அடுத்ததாகக் காட்டலாம் என்று விரலை நீட்டினேன். பாலம் முடிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட இருக்காது. எங்களுக்கு எப்போதும் ஆற அமரப் பார்த்து, பிள்ளைகள் குருவிகளை எண்ணி, எண்ணிக்கையில் சண்டையும் போட நேரம் இருக்குமே!

கடைசி ஸ்டேஷனில் நீங்கள் டீ வாங்கப் போனபோது மாற்று டிரைவரிடம், "ஏன் தம்பி இவ்வளவு வேகம்?" என்று சண்டைக்கே போனேன். "முப்பதுல போகலாம்மா, அதுதான் உத்தரவு. சார் மட்டும் உங்க கல்யாண நாளன்னிக்குப் பத்துலதான் போவாரு. லேட்டுன்னு வருஷா வருஷம் மெமோ வரும். தண்டவாளம் ஈரம்னு பதில் எழுதிக் குடுத்துருவாரு" என்றார்.

அது வண்டி மெதுவாகப் போகிற இடம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் பாராமலே எங்களைப் பார்க்க வைத்திருக்கிறீர்கள். அன்று பூராவும் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, புதுப்பெண் மாதிரி.

நான் முன்பு எழுதியதுதான் சரி. அடுத்த வருடம் ஒரே டிக்கெட் போதும். நீங்கள் எஞ்சினில் ஏறுங்கள். மடியில் நான் தொப்பியை வைத்துக்கொள்கிறேன், குறையே இல்லை.

உங்கள்,
பதினேழு

மே 1

அன்புள்ள பதினேழுக்கு,

உன் யோசனை தள்ளுபடி. அடுத்த வருடம் இரண்டு டிக்கெட்தான். குருவிப் பாறை பாக்கி இருக்கிறது.

மாற்று டிரைவரிடம் பேசிவிட்டேன். பாலத்தில் பத்தில் போக ஒத்துக்கொண்டார். மெமோ வந்தால் பதில் எழுதித் தருவது என் பொறுப்பு. இருபத்து நான்கு முறை எழுதிய கை.

உன்,
பதினெட்டாம் இருக்கை