முட்டுக் கொடுத்த வாசல்

மார்ச் 4

தம்பிக்கு,

அன்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கல்லறைத் தோட்டத்து வாசலின் இடது தூணை இடிக்க, சபைச் செயலர் என்ற முறையில் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அமரர் ஊர்தி உள்ளே போக வேண்டுமாம்.

அந்த மரக்கூரை இரண்டு தூண்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தூணின் கனம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஒன்றைத் தொட்டால் எல்லாம் சரிந்து வரும். வாசல் ஒடுக்கமாக இருப்பது குறை இல்லை. சவப்பெட்டியை வாசல் நடுவிலுள்ள கல்மேல் இறக்கி, பாதிரியார் வரும்வரை எல்லோரும் நிற்பதற்காகக் கட்டியது. வண்டிக்காக அல்ல.

தடை வாங்கிவிட்டேன்.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டடங்களுக்கு வைத்தியம் பார்க்கிறாய். அப்பா படுத்த படுக்கை. ஒரு தடவை எட்டிப் பார்த்தாயா? அவரை நினைத்துத்தான் வண்டிக்கு வழி கேட்டேன். தோள் கொடுக்க இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான்.

உன் தடை வருவதற்குள் தூணடியைத் தோண்டியாயிற்று. உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 26

தம்பிக்கு,

தோண்டியதும் நீ, வீறாப்பும் உனக்கா? கூரை சரிகிறது. வாசலை அடைத்து முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு கட்டையையும் யாரும் தொடக் கூடாது.

இங்கே வேலை முடிந்ததும் அப்பாவைப் பார்க்க வருகிறேன்.

அக்கா

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

அடக்கம் முடிந்த பிறகு வந்தாய். வீட்டுக்கு வருமுன் வாசலுக்குப் போய் விரிசலைத் தடவிப் பார்த்தாய். கல்லறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்தாள். "அவளுக்கு அந்த வாசல்தான்டா பொறந்த வீடு" என்றாள்.

அப்பாவைக் குப்பை வண்டி போகும் பின்சுவர்ச் சந்து வழியாகக் கொண்டுபோனோம். பெட்டி எங்கும் இறங்கி நிற்கவில்லை. முன்னதாக, பெட்டியோடு வாசலில் நின்றபோது கொத்தனார் என் காதோரம், "ஒரு கட்டைய உருவிடட்டுமா?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். நீ சொன்னது சரி. உருவியிருந்தால் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பதில் வேண்டாம்.

தம்பி

ஜூன் 2

செயலருக்கு,

இது பதில் இல்லை, தகவல். தூணடியைக் கட்டியாயிற்று. நேற்று முட்டுகளை எடுத்துவிட்டார்கள். கூரை நிற்கிறது.

அம்மாவின் முறை வரும்போது இடைஞ்சல் இருக்காது.

கட்டடக் கலைஞர்